மூன்றாம் பகுதிக்கு விடை

துறைமுகத்தின் நான்காம் வாயிலில் காலை வேளையில் எப்போதும் ஒரு சின்னத் தள்ளுமுள்ளு இருக்கும். கடலுக்குள் போகிறவர்கள் அத்தனை பேரும் காதிலிருந்து செவியனைக் கழற்றி, அவரவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்ற மனமில்லாமல், வெளிநாட்டு மருமகனோடு கடைசி நொடிவரை பேசிக்கொண்டு வரிசையை மறித்து நிற்கிறவர்கள் உண்டு. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், காவலர் விசில் ஊதுவார். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு நாள் தொடங்குவது இப்படித்தான்.

அமலி தன் செவியனைக் கழற்றினாள். புளியங்கொட்டை அளவே உள்ள மொழிபெயர்ப்புக் கருவி. அதுவரை நல்ல தமிழில் மனைவியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்த பக்கத்துக் கொரிய மாலுமி, அது காதைவிட்டு வந்ததும் கொரிய மொழிக்குப் போய்விட்டான். பாவம், குறை பாதியில் நின்றது. அவள் பெட்டியைப் பூட்டிவிட்டுப் படித்துறையை நோக்கி நடந்தாள்.

உலகம் இப்படி ஆகி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. யாரும் யாருடைய மொழியையும் கற்க வேண்டியதில்லை. இங்குள்ள உப்பு வியாபாரி தன் தமிழிலேயே பிரேசில்காரனிடம் விலை பேசுவார். அவன் திட்டினாலும் இவர் காதில் சுத்தமான தமிழில் விழும். ஆங்கிலம் தெரியும் என்று மார்தட்டிய காலம் போய், பள்ளிக்கூடங்களில் அதை ஓவியம், தையல் வரிசையில் வைத்திருந்தார்கள். ஆனால் அலைதடுப்புச் சுவரைத் தாண்டினால் கதை வேறு. அங்கே செவியனுக்கு அனுமதி கிடையாது. அறுவை அரங்கிலும் தீயணைப்பு வண்டியிலும் விமானக் கட்டுப்பாட்டு அறையிலும் அப்படித்தான். அங்கெல்லாம் மனிதர் தம் காதால் கேட்டு, தம் வாயால் பேச வேண்டும். அதற்கு ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. பழக்கதோஷத்தில் அது ஆங்கிலமாகவே இருந்துவிட்டது.

எனவே கடல் ரேடியோவில் பேசுகிற ஒவ்வொருவரும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கடல்மொழி ஆணையத்தின் இணையவழி ஆங்கிலத் தேர்வை எழுதித் தேற வேண்டும். மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தோற்றவருக்குக் கரைப்பணி. அமலி இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது வாய்ப்பும் கைநழுவினால் 'வலம்புரி' என்ற அவளுடைய இழுவைக்கப்பலின் சுக்கான் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தச் சுக்கான் அவளிடம் இருந்தது. மலைபோன்ற கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தும், மூக்கால் முட்டித் தள்ளியும் துறையில் சேர்ப்பது வேலை. இந்தத் துறைமுகத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு கர்வம் வரும். வந்தால் என்ன, சம்பாதித்த கர்வம் அது.

"யக்கா, ரிசல்ட்டுல என்னதான் போட்டிருக்கான்?" என்று கேட்டார் இசக்கி. அவர் வலம்புரியின் செராங்கு. தளத்து ஆட்களுக்குத் தலைவர். அவளைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் கேப்டன் என்பதால் அக்கா.

"முதல் பகுதி முழு மார்க். ரெண்டாம் பகுதி முழு மார்க். மூணாம் பகுதி சைபர்."

"சைபரா? ஒண்ணு ரெண்டு கூடவா போடல?"

"போன தடவையும் சைபர்தான்."

"பெறகு நீங்க என்னத்த எழுதுனீங்க?"

"எழுதல. பேசணும். எல்லாத்துக்கும் பதில் சொன்னேன், இசக்கி. ஒண்ணையும் விடல."

இசக்கி கயிற்றைப் பார்க்கப் போனார். ஏற்கெனவே இறுக்கியிருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கினார்.

இந்தத் தேர்வின் வினாவகைகள் மாறிக்கொண்டே இருப்பது ஊருக்குப் புதிதல்ல. முதலில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னார்கள். ஒரே பருவத்தில் ஊர்ப் பயிலகங்கள் அத்தனை கோடுகளையும் மனப்பாடம் செய்யவைத்துவிட்டன. பிறகு உரக்க வாசிக்கச் சொன்னார்கள், படத்தைப் பார்த்து விவரிக்கச் சொன்னார்கள், தேர்வி என்கிற இயந்திரத் தேர்வாளரோடு உரையாடச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் தூத்துக்குடி ஊதித் தள்ளியது. உலகத் துறைமுகங்களில் அதிகத் தேர்ச்சி பெற்ற ஊர் என்று ஆணையமே அறிவித்த ஆண்டில், பழைய பேருந்து நிலையம் அருகே வெடி போட்டார்கள். இந்த ஆண்டு புதிதாக வந்த மூன்றாம் பகுதியில்தான் ஊரே குப்புற விழுந்தது. ஆஸ்டின் பயிலகத்திலிருந்து போன ஒருவர்கூடத் தேறவில்லை.

ஆஸ்டின் அமலியோடு ஒரே பள்ளியில் படித்தவன். அவன் நடத்தும் பயிலகம் மாடியில் ஒரு பெரிய கூடம். நுழைந்ததும் சுவரில் ஆளுயர எழுத்தில் 'எதையும் விடாதே' என்று எழுதியிருக்கும். அது வெறும் அலங்காரம் இல்லை. தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதிவிட்டு வா, கேள்வி எண்ணைப் போட்டாலே அரை மார்க் விழும் என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வருகிற பாடம். ஆஸ்டின் அதை ஒரு கலையாக வளர்த்திருந்தான்.

"ஏட்டி, மூணாம் பகுதி என்னன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் அன்று மாலை. "காத்துச் சத்தம், எஞ்சின் சத்தம், மழைச் சத்தம் எல்லாத்தையும் போட்டு அமுக்கி, அதுக்குள்ள ஒருத்தன் பேசுதான். நமக்கு அங்கங்க நாலு வார்த்தை கேக்கும். அந்த நாலை வச்சு மீதியைக் கட்டணும். அதுக்கு நூத்தி இருபது மாதிரி வாக்கியம் தயார் பண்ணியிருக்கேன்."

"ரெண்டு தடவையும் அப்படித்தான கட்டுனேன்?"

"சரியாக் கட்டல, அதான் சைபர்."

"தப்பாக் கட்டுனாலும் இங்கிலீஷ் நல்லாத்தான இருந்துச்சு. அதுக்கு ஒரு மார்க்காவது விழணும்லா?"

ஆஸ்டின் காதுப் பயிற்சிக் கருவியைத் தட்டிவிட்டு, அவளை மறுபடி அந்த இரைச்சலைக் கேட்க வைத்தான். அவளும் கேட்டாள். நாலு வார்த்தை பிடித்து மீதியைக் கட்டினாள். அவன் பிரமாதம் என்றான்.

உள்ளதைச் சொன்னால், இந்தக் கட்டுகிற வேலையில் அமலி மகாகெட்டிக்காரி. கடலில் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்கு வந்த முதல் வாரம், ஒரு கப்பலின் பேச்சு விளங்காமல் அவள் கொஞ்சம் தயங்கியபோது, 'சிப்பி' என்ற இழுவைக்கப்பலின் மூத்த கேப்டன் ராயப்பன், எல்லோரும் கேட்கிற பொது அலைவரிசையில், "புரியலன்னா சொல்லும்மா, அடுப்பங்கரை பாஷையில சொல்லித் தாரோம்," என்றார். எல்லாக் கப்பல்களிலும் சிரிப்பு. அன்று இரவு அமலி சோறு இறங்காமல் படுத்தாள். அதற்குப் பிறகு ரேடியோவில் அவள் வாயிலிருந்து 'புரியவில்லை' என்ற சொல் வந்ததே இல்லை. காற்று, நீரோட்டம், கப்பலின் சாய்வு, பக்கத்து இழுவைக்கப்பல் மூக்கைத் திருப்புகிற திசை, எல்லாவற்றையும் பார்த்து மீதியை ஊகித்துவிடுவாள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தப்பவில்லை. ராயப்பன்கூட இப்போது அவளை மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

மூன்றாவது தேர்வுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது, காற்றாலை இறகுகளை ஏற்றிப்போக ஒரு வியட்நாம் கப்பல் வந்தது. வாடைக்காற்று எக்கச்சக்கமாக அடித்த நாள். துறைவாயில் அருகே காற்று திடீரென்று பக்கம் மாறுகிறது, வேகத்தைக் குறையுங்கள் என்று அமலி ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"புரியவில்லை. திரும்பச் சொல்லுங்கள்," என்றது கப்பலிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வயதான ஆண் குரல்.

அவள் திரும்பச் சொன்னாள்.

"மன்னிக்கவும். இன்னும் புரியவில்லை. திரும்பச் சொல்லுங்கள்."

அமலிக்குச் சுருக்கென்றது. முழு மார்க் வாங்கிய ஆங்கிலம் அவளுடையது. இசக்கியைப் பார்த்து, "மண்டையில ஒண்ணும் ஏறாத ஆளா இருப்பாரு போலிருக்கு," என்றாள். பிறகு வேறு வழியில்லாமல், தன் நீளமான வாக்கியத்தைத் துண்டு துண்டாக உடைத்து, காற்றை முதலில், இடத்தை அடுத்து, வேகத்தைக் கடைசியில் என்று சொன்னாள்.

"புரிந்தது. நன்றி, கேப்டன்," என்றது அந்தக் குரல்.

அந்தக் குரலில் வெட்கமோ குழைவோ ஒன்றும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தவர் போல இருந்தார். கப்பல் சொன்ன இடத்தில் வேகம் குறைந்து, பூப்போலத் துறையில் போய் அமர்ந்தது. அமலி சுக்கானைப் பிடித்தபடி நின்றாள். வழக்கமாக ஒரு கப்பல் 'புரிந்தது' என்று சொன்னாலும் அவள் முழுசாக நம்புவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளியே நிற்பாள். இன்று ஒட்டி நின்றிருந்தாள். அந்த ஆள் 'புரிந்தது' என்றதும் தான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது அவளுக்கே இப்போதுதான் உறைத்தது. இரண்டு முறை புரியவில்லை என்று சொன்னவர் மூன்றாம் முறை பொய் சொல்ல மாட்டார் என்று மனசு தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது.

"இசக்கி, ஊமை வாரத்துல செவியனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"என்னக்கா திடீர்னு? சூரியப்புயல் அடிச்சுது, தொடர்பு அந்து போச்சு, எல்லாம் ஊமையாயிட்டு. ஊர் உலகத்துக்கே தெரியுமே."

"ஊமையாயிருந்தா கப்பல் ஏன் முட்டுச்சு? காதுல ஒண்ணும் விழலன்னா எவனும் நின்னுருப்பாம்லா?"

இசக்கி விழித்தார். பெயர்தான் ஊமை வாரம். விசாரணை அறிக்கை வேறு மாதிரி சொன்னது; அமலி என்றோ புரட்டியதைத் தவிர, அதைப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. தொடர்பு அறுந்த பிறகும் செவியன்கள் நிற்காமல் பேசின. கேட்காத சொற்களுக்குப் பதிலாக, அந்த இடத்தில் வரக்கூடிய பொருத்தமான சொற்களை அவையே போட்டு, இனிமையான குரலில், தயக்கமே இல்லாமல் பேசின. செவியன் பேசக் கற்ற நாள்முதல் அதற்குத் தெரியாத ஒரே வாக்கியம் 'எனக்குப் புரியவில்லை' என்பதுதான். மாலுமிகள் நம்பினார்கள், மருத்துவர்கள் நம்பினார்கள். ஒரு நீரிணையில் இரண்டு பயணக் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தபோதுகூட இரண்டு கேப்டன்களும் நிம்மதியாகத்தான் இருந்தார்களாம். அதற்குப் பிறகுதான் ஆபத்தான இடங்களிலிருந்து செவியனை விரட்டினார்கள்.

விரட்டிவிட்டு அந்த இடத்தில் மனிதரை உட்கார வைக்கிறார்கள். அந்த மனிதரும் செவியன் மாதிரியே கேட்காததை இட்டுக்கட்டினால்? மூன்றாம் பகுதி யாரைத் தேடுகிறது என்று அமலிக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலையே ஆஸ்டினிடம் போய்ச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு கோபப்பட்டான்.

"அப்பம் வெறுந்தாளைக் குடுத்துட்டு வரச் சொல்லுதியா?"

"வெறுந்தாள் இல்லடா. புரியலன்னு சொல்லுதது ஒரு பதில்."

"இருபத்தஞ்சு வருஷமா நான் எதையும் விடாதேன்னு சொல்லிக்குடுத்து சோறு திங்குதேன். நீ வந்து, புரியலன்னு சொன்னா மார்க்குங்க. ஒலகத்துல எந்த ஊர்லயாவது உண்டா?"

"அதனாலதான் நம்ம ஊரே சைபர் வாங்குது."

"அமலி, நல்லா யோசி. இது கடைசி வாய்ப்பு. நீ சொல்லுதது தப்பாப்போனா வலம்புரி போயிரும். கட்டிச் சொன்னா ஒண்ணு ரெண்டாவது விழுமான்னு பாக்கலாம்."

அவன் சொன்னதில் அக்கறை இருந்தது, அதனால்தான் அது வலித்தது. படியிறங்கும்போதே அவள் அதை நினைத்துப் பார்த்தாள். தன் கணிப்பு தவறாக இருந்தால் என்ன செய்வது? கரையில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வேறு யாரோ வலம்புரியை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு பணி ஓய்வுவரை இருக்க வேண்டும்.

வீட்டில் அதைவிடப் பெரிய சிக்கல் காத்திருந்தது. 'புரியவில்லை' என்று சொல்லிப் பார்த்தாள், வாய் வரவில்லை. அவள் கணவன் டெல்வின், முந்திரியும் முட்டையும் கலந்து சுடும் மக்ரூன் இனிப்புக்குக் கடை வைத்திருப்பவன், மென்மையான ஆள். முந்திரிப்பருப்பைப் பொடித்துக்கொண்டே, "நான் ஏதாவது சொல்லுதேன், நீ புரியலன்னு சொல்லிப் பழகு," என்றான்.

"சரி, சொல்லுங்க."

வேண்டுமென்றே வாயில் முந்திரியை அடக்கிக்கொண்டு அவன் ஏதோ குழறினான்.

"நாளைக்கு முட்டைக்காரன் வரமாட்டான், நான் போய் வாங்கிட்டு வரணும். அதான?"

டெல்வின் முந்திரியை விழுங்கிவிட்டுச் சிரித்தான். "முட்டையே இல்ல. உங்க அக்கா நாளைக்கு வாரான்னு சொன்னேன். உனக்கு ஒரு எழுத்துகூட வெளங்கல, ஆனா பதில் மட்டும் கூசாம வருது. கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல என்கிட்டயாவது ஒரு தடவ புரியலன்னு சொல்லிருக்கியா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. "சொன்னா நீங்களும் சிரிப்பீங்கன்னு இருந்தேன்," என்றாள்.

"சிரிக்க மாட்டேன், சொல்லு."

அவன் மறுபடி குழறினான். அவள் மூச்சை இழுத்து, "புரியலங்க," என்றாள். சொன்னதும் முகம் சுட்டது. அவன் சிரிக்கவில்லை, மெதுவாகத் திருப்பிச் சொன்னான். முந்திரி தீரும்வரை பழகினார்கள்.

தேர்வு நாளில், துறைமுகத் தேர்வறையின் கண்ணாடித் தடுப்புக்குள் அமலி உட்கார்ந்தாள். முதல் இரண்டு பகுதிகளும் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாம் பகுதி தொடங்கியதும் திரையில் கடல் விரிந்தது. அவள் ஒரு இழுவைக்கப்பலில் இருக்கிறாள், எதிரே ஒரு பெரிய கப்பல், மழை. இரைச்சலுக்குள் ஒரு குரல் ஆங்கிலத்தில் பேசியது. நாலு வார்த்தை காதில் விழுந்தன. மீதி வாக்கியம் அவள் மனசில் தானாகவே கூடிக்கொண்டு வந்து நின்றது; அழகான வாக்கியம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். சே அகெய்ன்," என்றாள்.

குரல் திரும்பச் சொன்னது. இரைச்சல் குறையவில்லை. அவள் மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை குரலில் எரிச்சல் தெரிந்தது. நான்காம் முறை, "மற்ற இழுவைக்கப்பல்கள் எல்லாம் புரிந்துகொண்டுவிட்டன, கேப்டன். உங்களுக்கு மட்டும்தான் சிரமமா?" என்று மட்டும் படு தெளிவாகக் கேட்டது. எந்த இயந்திரம் இதை யோசித்ததோ, சரியான இடத்தில் குத்தியது. அமலிக்குக் காது மடல்கள் கொதித்தன. யாரும் இல்லாத அந்த அறையில், பழைய சிரிப்புச் சத்தம் நிஜமாகவே கேட்பது போலிருந்தது. ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. இப்போதுகூட ஒரு வாக்கியத்தைக் கட்டிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆம், எனக்கு மட்டும்தான். எனக்குப் புரியவில்லை. புரியும்வரை என் கப்பலை நகர்த்த மாட்டேன். திரும்பச் சொல்லுங்கள்," என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் சொன்னாள். குரல் தாழவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. திரையில் கடல் மறைந்தது. தேர்வு முடிந்தது என்று மட்டும் எழுத்து வந்தது.

வெளியே ஆஸ்டின் காத்திருந்தான். "என்ன சொன்ன?" என்றான். சொன்னாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகளாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போன மாதிரியும் இருந்தது. அதை ஆஸ்டினிடம் சொன்னால் அடிக்க வருவான் என்று சொல்லவில்லை.

முடிவு வந்தது. மூன்று பகுதிகளிலும் முழு மதிப்பெண். புதிய வினாவகையில் அந்தக் கடற்கரையிலேயே தேறிய முதல் ஆள் அவள். நான்காம் வாயிலில் இசக்கி மிட்டாய் கொடுத்தார். மறுநாள் ஆஸ்டின் அவளைக் கூப்பிட்டுத் தன் கூடத்தில் நிறுத்தி, "நீயே சொல்லு, நான் சொன்னா நம்ப மாட்டாவ," என்றான். கூடம் நிறைய மீசைக்காரர்கள், கிரேன் ஓட்டுபவர்கள், தங்கள் துறையிலும் இதே தேர்வை எழுத வேண்டிய தீயணைப்பு வீரர்கள், இரண்டு அறுவை அரங்கு செவிலியர். எல்லோரையும் எழுந்து நின்று, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து 'எனக்குப் புரியவில்லை' என்று தமிழிலேயே சொல்லச் சொன்னாள். ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஒருவர் சிரித்தார், ஒருவர் இருமினார், ஒருவர் "இவன் பேசுததே சரியில்ல மேடம்," என்று பழியைப் பக்கத்து ஆள்மேல் போட்டார். கடைசியில் ஒரு செவிலியர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டு, உட்கார்ந்து அழுதார். அறுவை அரங்கில் ஒருநாள் கேட்காமல் விட்டதை நினைத்திருக்க வேண்டும். கூடத்தில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பரீட்சை அறையில் சொல்வது ஒன்று, ஊர் கேட்கச் சொல்வது வேறு. அமலிக்கு அது தெரியும். புதிய உரிமத்தோடு அவள் நடத்திய முதல் பெரிய கப்பல், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில் வாயிலுக்கு வந்தது. நான்கு இழுவைக்கப்பல்கள் அதைச் சுற்றி நின்றன. வலம்புரி முன்னால், ராயப்பனின் சிப்பி வலப்பக்கம், மற்ற இரண்டும் பின்னால். ராயப்பன் பழைய வினாவகையில் தேறியவர். அடுத்த ஆண்டு ஓய்வு. பின்னால் நின்ற இருவரும் சென்ற ஆண்டே உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டவர்கள்.

கப்பலிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு நீண்ட உத்தரவு வந்தது. வேகமான, அந்நிய உச்சரிப்பு, நடுவே இடி. அமலிக்குப் பாதிதான் கேட்டது. பழக்கத்தில் கண் தானாகச் சிப்பியின் பக்கம் போனது, அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க. சிப்பி அசையாமல் நின்றது. பின்னால் திரும்பினாள். அவையும் அசையவில்லை. இசக்கி தளத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் மெல்ல நெருங்கி வந்தது.

பொது அலைவரிசை. துறைமுகம் முழுக்கக் கேட்கும். மூத்தவர்கள், எதிரிகள், நேற்றுவரை பாராட்டியவர்கள், எல்லோரும் கேட்பார்கள். அமலி பொத்தானை அழுத்தினாள்.

"வலம்புரி பேசுகிறது. எனக்குப் புரியவில்லை. கப்பலை நிறுத்துங்கள். திரும்பச் சொல்லுங்கள்," என்றாள் ஆங்கிலத்தில்.

ரேடியோவில் வெறும் இரைச்சல். அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். வந்தால் வரட்டும் என்றுதான் நின்றாள்.

"அமலி," என்றது ராயப்பனின் குரல். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற சட்டம் அவருக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. "எனக்கும் புரியல தாயி. கேட்டு வாங்கு."

"எனக்குந்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நீ எந்தப் பக்கம் திருப்புதன்னு பாத்துட்டு நிக்கேன்."

"நான் ராயப்பண்ணனைப் பாத்துட்டு நின்னேன்," என்றது நான்காவது குரல்.

"நான் எப்பவும் வலம்புரியைத்தாம்ல பாப்பேன்," என்றார் ராயப்பன். "அவளுக்குத்தான் எல்லாம் புரியும்னு."

அமலி சிப்பியையும் பின்னால் நின்றவற்றையும் திரும்பிப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளாக எத்தனை கப்பல்களை இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே கரை சேர்த்திருக்கிறார்கள். எத்தனை நாள் எத்தனை உயிர்கள் இந்த மௌனத்தின் மேல் மிதந்து வந்திருக்கின்றன. அடுத்த கணம் அவளுக்கு நெஞ்சு விம்மியது. இந்த மூன்று மனிதர்களும், ஊர் கேட்க, அதைத் தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். தேறியபோது வராத பெருமை இப்போது வந்தது, தன்னைப் பற்றி மட்டுமல்ல.

கப்பலின் வேகம் அடங்கியது. குரல் இம்முறை நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னது. அமலி முழுவதையும் கேட்டு, தன் சொற்களில் திருப்பிச் சொன்னாள். கப்பல் ஆம் என்றது.

"சிப்பி. புரிந்தது," என்றார் ராயப்பன் ஆங்கிலத்தில். பின்னால் நின்ற இருவரும் அதையே சொன்னார்கள். மூன்றையும் அவள் நம்பினாள். வலம்புரியைக் கப்பலை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினாள்.